கிட்டாரில் இன்னொரு துளை

புதிதாக வாங்கிய அகூஸ்டிக் கிட்டாரில் பெரும்பாலும் ஸ்ட்ராப்பின் ஒரு முனையை மாட்டக் கீழ்ப்புறத்தில் ஒரு பின் இருக்கும். மறுமுனையை மாட்ட மேலே எதுவும் இருக்காது. நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல் கிட்டாரிலோ பல வேளை அந்தக் கீழ்ப் பின்னும் கிடையாது. இடது பாதத்தைச் சிறு மணைமேல் வைத்து உட்கார்ந்தே வாசித்த ஆந்த்ரேஸ் செகோவியா போன்றவர்களுக்கு இது ஒரு சிக்கலே இல்லை. நின்று வாசிக்க ஆசைப்படுகிறவருக்குத்தான் தலைவலி. பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்: கழுத்து உடலோடு சேரும் அடிக்கட்டையில் ட்ரில்லால் சுமார் 3 மில்லிமீட்டர் துளை, அதில் ஒரு ஸ்க்ரூ, அதன் தலையில் ஒரு குமிழ்.

பலர் அங்கேதான் பின்வாங்குகிறார்கள். ஷூ லேஸ் மாதிரி ஒரு கயிற்றை எடுத்து, கிட்டாரின் தலைப்பகுதியில், நட்டுக்கு அப்பால், கம்பிகளுக்கு அடியில் நுழைத்து ஸ்ட்ராப்பைக் கட்டிக்கொள்கிறார்கள். கிளாசிக்கல்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கழுத்தில் மாட்டிய வார், கிட்டாரின் முதுகுப்புறமாக இறங்கி, அடிவழியே முன்னால் வந்து, ஒலித்துளையின் விளிம்பைக் கொக்கியால் பற்றிக்கொள்ளும். மரத்துக்குச் சேதமில்லை.

இந்தத் தயக்கத்தில் விலைக் கணக்கும் இருக்கிறது. 1930களில் மார்ட்டின் கம்பெனி செய்த கிட்டாரில் பிறகு யாரோ போட்ட துளை, சேகரிப்பவர் கண்ணுக்குக் குறைதான். ஆனால் பிளைவுட்டில் செய்த மலிவு கிட்டாரை வைத்திருப்பவருக்கும் ட்ரில்லைக் கண்டால் கை நடுங்குகிறதே! அங்கே இழக்க விலை ஏது? செய்து முடித்த பொருள் முழுமையானது, அதில் கைவைக்கத் தனக்கு உரிமையில்லை என்ற கூச்சம் அது. சமயங்களுக்கு இந்தக் கூச்சம் பழக்கமானது.

கல்லால் பலிபீடம் கட்டினால் வெட்டிச் செதுக்கிய கல்லால் கட்டாதே, உளி பட்டால் அது தீட்டாகிவிடும் என்கிறது யாத்திராகமம் 20ஆம் அதிகாரம். சாலொமோன் எருசலேமில் ஆலயம் எழுப்பியபோது கற்களை வேறிடத்திலேயே செதுக்கிக் கொண்டுவந்ததால், கட்டுமிடத்தில் சுத்தியல் சத்தமே கேட்கவில்லையாம். இது ராஜாக்களின் முதல் புத்தகத்தில் வருகிறது. உளிக்கு அங்கே முழுத் தடையில்லை என்பதையும் கவனிக்கலாம். சன்னிதியில் மட்டும் அதற்கு இடமில்லை. சீனத்துச் சுவாங்சி இன்னும் கடுமையானவர். அவர் பெயரால் வழங்கும் நூலின் ஏழாம் அதிகாரத்தில் முகத்தில் துளையே இல்லாத ஹுன்டுன் என்ற அரசன் வருகிறான். அவனுடைய உபசாரத்தில் மகிழ்ந்துபோன இரண்டு அரசர்கள், எல்லோருக்கும் கண், காது, மூக்கு, வாய் என்று ஏழு துளைகள் இருக்கின்றன, இவனுக்கும் போட்டுக்கொடுப்போம் என்று நாளுக்கு ஒன்றாகக் குடைகிறார்கள். ஏழாம் நாள் ஹுன்டுன் செத்துப்போகிறான். ட்ரில்லைக் கையில் எடுப்பவருக்கு இதைவிட மோசமான கதை கிடைக்காது.

நம் ஊர் வழக்கம் நேர் எதிர். குழந்தைக்கு மொட்டையடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, அது வீறிட்டு அழ அழக் காது குத்தி, வந்தவர்களுக்கு விருந்தும் வைக்கிறார்கள். பிறந்தபடியே விட்டுவைப்பதுதான் அங்கே குறை.

கிட்டார் எந்தப் பக்கம்? சாதாரண ஸ்டீல் கம்பி கிட்டாரில் முறுக்காணிகளுக்கு 6 துளை, பிரிட்ஜில் கம்பிகளைச் செருக 6, கீழ்ப் பின்னுக்கு ஒன்று, நடுவே ஒலித்துளை. ஆக 14 துளைகளோடுதான் அது கடைக்கே வருகிறது. பதினைந்தாவது துளையில் மட்டும் தீட்டு வருகிறதென்றால், அதை மரத்தில் தேடிப் பயனில்லை. முதல் 14 துளைகளைப் போட்டவர் செய்தவர். இதைப் போடப்போகிறவர் வாங்கியவர். அவ்வளவுதான் வித்தியாசம்.

செய்தவர் வைத்ததே கடைசி வடிவம் என்பதும் நிற்காது. வயலின் செய்வதில் பேர்போன ஸ்ட்ராடிவாரி 1737இல் இறந்தார். பின்னர் பெரிய அரங்குகளுக்கு உரத்த ஒலி வேண்டியிருந்ததால், அவருடைய வயலின்கள் ஏறத்தாழ எல்லாவற்றிலும் கழுத்தை நீட்டிச் சாய்வை மாற்றினார்கள். உள்ளே ஒட்டியிருந்த தாங்குசட்டத்தையும் பெரிதாக்கினார்கள். ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் 1716ஆம் ஆண்டு 'மெசையா' வயலின், அதிகம் கைபடாதது என்று பெயரெடுத்தது. அதன் கழுத்தும் பிற்காலத்தில் நீட்டப்பட்டதுதான். இன்று அரங்குகளில் கொண்டாடப்படும் ஸ்ட்ராடிவாரி ஒலியை ஸ்ட்ராடிவாரி கேட்டதில்லை.

துளையிடத் தயங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் வேறொன்று உண்டு. இத்தாலியக் கலைமீட்பு அறிஞர் செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட நூலில் ஒரு நெறியை வைத்தார்: இன்று செய்யும் எந்த மீட்பு வேலையும் நாளை இன்னொருவர் செய்யவேண்டிய வேலைக்கு வழியடைக்கக் கூடாது. கிட்டாருக்கு வலிக்கப்போவதில்லை. ஆனால் நல்ல கிட்டார் ஒரு மனித ஆயுளைத் தாண்டி இருக்கும். இன்று வைத்திருப்பவர் அதற்குச் சொந்தக்காரர் என்பதைவிடக் குடியிருப்பவர் என்பதே பொருத்தம். அடுத்துக் குடிவரப்போகிறவர் முகம் தெரியாதவர், இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம். அவருக்கும் இதில் பங்குண்டு.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்தால், துளையிடாத வழிகளும் தப்புவதில்லை. பழைய கிட்டார்களின் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில் வாரிலுள்ள சிலவகை ரப்பரும் வினைலும் நெடுநேரம் பட்டுக்கொண்டிருந்தால் பூச்சு இளகித் தடம் விழும். துளைக்குப் பதிலாக அரக்குப் பூச்சில் ஒட்டும் உறிஞ்சு கிண்ணங்களும் தடம் விடக்கூடியவை. ஒலித்துளைக் கொக்கி கீழிருந்து எடையைத் தாங்குமே தவிர, கிட்டாரைப் பிடித்துவைக்காது. இரண்டு கையையும் எடுத்தால் கிட்டார் முன்பக்கம் குப்புறக் கவிழும். தலையில் கட்டும் கயிறு பத்திரமானதுதான், ஆனால் வார் கழுத்தையொட்டியே ஓடுவதால் இடது கைக்கு இடைஞ்சல்.

ட்ரில்லே தேவைப்படாத துளையும் உண்டு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய மார்ட்டின் என்-20 ஒரு நைலான் கம்பி கிட்டார். விரலால் மீட்டுவதற்கென்று செய்த அதை அவர் பல ஆண்டுகள் பிக்கால் வாசித்ததில், ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பலகை தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. 'ட்ரிகர்' என்று பெயர்வைத்து இன்னும் அதைத்தான் வாசிக்கிறார். அந்த ஓட்டையை அடைத்துத் தரச்சொல்லி எந்த ரசிகரும் கேட்கமாட்டார்.

ட்ரில் போட்ட துளையை ஓரளவு திரும்பப் பெறவும் முடியும். அதே ஜாதி மரத்தில் சிறு முளை சீவி, பசையிட்டு அடைத்து, மேலே பூச்சைச் சரிசெய்தால் உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். கொக்கி நழுவித் தரையில் விழுந்து பிளந்த மேல்பலகையைச் சேர்ப்பது இதைவிடப் பெரிய வேலை. எனவே வாரம் முழுவதும் மேடையில் நிற்கிற கிளாசிக்கல் வாசிப்பாளர், பிராண்டி சொன்னபடியே யோசித்தாலும், அடிக்கட்டை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் துளை போட்டுக்கொள்ளலாம். 1930களின் மார்ட்டினுக்கும், எப்போதாவது மாடியில் நின்று நாலு பாட்டு வாசிப்பவருக்கும் ஷூ லேஸ் போதும்.