பிழைத்தவர்களின் வம்சாவளி

அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலிருந்து கப்பலேறிய குடியானவன் ஒருவனின் எள்ளுப்பேரன், அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு தன் மூதாதையைத் தேடுகிறான். இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு இது தார்மீகப் பிரச்னையாகவே படுகிறது. அவன் யாரைத் தேடுகிறான் என்பதைவிட, யாரைத் தேட அவனுக்கு வழியே இல்லை என்பதில்தான் பிரச்னை இருக்கிறது.

அயர்லாந்தில் முழுமையாக எஞ்சியிருக்கும் ஜனத்தொகைக் கணக்குகளில் மிகப் பழையது 1901ஆம் ஆண்டினுடையது. 1861, 1871 படிவங்களை அரசாங்கமே அழித்தது. 1881, 1891 படிவங்கள் முதல் உலக யுத்தத்தின்போது காகிதக் கூழாயின. 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்குகளின் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரில் டப்ளின் ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோயிற்று. மிஞ்சியவற்றுள் முக்கியமானவை இரண்டு வரி ஏடுகள். ஒன்று, 1823க்கும் 1837க்கும் இடையில் எழுதப்பட்ட தசமபாகப் புத்தகங்கள். கத்தோலிக்கக் குடியானவன் தன்னுடையதல்லாத சர்ச்சுக்குக் கட்ட வேண்டிய வரியின் கணக்கு. மற்றது, ரிச்சர்ட் கிரிஃபித்தின் நில மதிப்பீடு. 1847இலிருந்து 1864 வரை வெளிவந்தது. ஆக, வசூலிக்க ஏதாவது இருந்தால்தான் ஏழையின் பெயர் ஏட்டில் ஏறுகிறது. அதிலும் நிலத்தைப் பிடித்திருந்தவன் பெயர் மட்டும். மனைவி இல்லை, குழந்தைகள் இல்லை, நிலமற்ற கூலி இல்லை.

இந்த ஏடுகளில் உண்மையைத் தேடுகிறவனை எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு. 1901க்கும் 1911க்கும் இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் பல கிழவர்களுக்குப் பதினைந்து வயது கூடியிருக்கிறது. காரணம், 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்குப் பென்ஷன் வந்தது. பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியதால் எழுபது வயதுக்காரர் எவரிடமும் அரசாங்கப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. 1839 ஜனவரி 6ஆம் தேதி இரவு அடித்த பெருங்காற்று ஞாபகமிருக்கிறது என்று சொல்லி வயதை நிரூபித்தார்கள். அந்த இரவுக்குப் பின் பிறந்தவர்களுக்கும் அந்தக் காற்று ஞாபகமிருந்தது. இதைப் பொய் என்று அடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. தலைமுறைகளாகப் பிறர் தன்னைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த ஏட்டில், அவன் தன் தேவைக்காகச் சொல்லி எழுதவைத்த ஒரே வரி அது.

ஆனால் இவன் பிழைத்தவன். 1845இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்ததில் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறத்தாழ அதே அளவினர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த ஜனத்தொகை 1851இல் 65 லட்சமாயிற்று. 1851 படிவத்தில், கடந்த பத்தாண்டில் குடும்பத்தில் இறந்தவர்களை எழுதத் தனி இடம் இருந்தது. பஞ்சத்தில் செத்தவர்களை வீடுவீடாகப் பெயர் சொல்லிப் பதிந்த அந்தத் தாள்கள்தாம் 1922இல் எரிந்தன. தொகைகளும் அட்டவணைகளும் மிஞ்சின. எரியாமல் இருந்திருந்தாலும் முழுவதும் கிடைத்திருக்காது. எல்லோரும் செத்துப்போன வீட்டில் படிவத்தை நிரப்ப யார் இருந்தார்கள்?

வம்சாவளியின் தர்க்கமே இப்படித்தான். பின்னோக்கிப் போகும் ஒவ்வொரு கோடும் பிழைத்த ஒருவன் வழியாகவே போகிறது. எட்டு வயதில் செத்த பெண்ணுக்கு எள்ளுப்பேரன் கிடையாது.

பிழைத்தவன் எப்படிப் பிழைத்தான்? 1847இன் சட்டப்படி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தவனுக்கு நிவாரணம் இல்லை. கஞ்சிக்காக நிலத்தை விட்டவர்கள் உண்டு. விட்ட நிலம் எங்கோ போயிற்று: நிலப்பிரபுவின் மேய்ச்சலுக்கு, அல்லது பக்கத்து வீட்டுக்காரனுக்கு. மேயோ போன்ற இடங்களில் கிரிஃபித்தின் மதிப்பீடு பஞ்சம் ஓய்ந்த பிறகு வந்தது. அதில் மூதாதையின் பெயரைக் கண்டு சந்தோஷப்படுகிறவன், அந்த வயல் 1846இல் யாரிடம் இருந்தது என்று கேட்பதில்லை.

பசியில் நடந்ததற்கு இன்று நியாயம் தீர்க்க நமக்கு யோக்யதை இல்லை. பாவம் ரத்தத்தில் இறங்குவதுமில்லை. சரி. ஆனால் பாவம் இறங்காதென்றால் துயரமும் இறங்காது. ‘நாங்கள் பஞ்சத்தில் மாண்டவர்கள்’ என்று சந்ததி சொல்லும்போது, மாண்டவர்களின் துயரத்தைப் பிழைத்தவர்களின் வாரிசு எடுத்துக்கொள்கிறான். ஒன்றை மறுத்து மற்றதை வைத்துக்கொள்ளும் இந்த வசதியைத்தான் நான் சந்தேகிக்கிறேன்.

இதற்காகத் தேடலைக் கைவிட வேண்டியதில்லை. ரத்தத்தை விட்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு தேடலாம். அயர்லாந்தில் ‘டவுன்லாந்து’ என்ற மிகச்சிறு நிலப்பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல் உண்டு. மூதாதையின் டவுன்லாந்துக்கான இரண்டு ஏடுகளையும் எடுத்து, தன் குடும்பப் பெயரை மட்டும் பார்க்காமல், பக்கம் முழுவதையும் படிக்கட்டும். முதல் ஏட்டில் இருந்து இரண்டாவதில் இல்லாத பெயர்களைக் குறித்துக்கொள்ளட்டும். அவர்கள் போனார்களா, செத்தார்களா என்று ஏடு சொல்லாது. அவர்களில் பலரைத் தேடி எவரும் வரப்போவதில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பவன் இவன் ஒருவன்தான்.