திருமுகம்

திருத்தூதர் பவுல் எழுதிய மடல்களைத் 'திருமுகம்' என்று சொல்வது நம் தமிழ்க் கத்தோலிக்கரின் வழக்கு. அச்சொல் நமக்கு முன்பே இருந்தது. அரசன் விடுத்த ஓலைக்கும் அதுவே பெயர். அவ்வோலை வந்தபோது நாட்டார் எழுந்து எதிர்கொண்டு, தொழுது, தலைமேல் வைத்து ஏற்றனர் என்று பல்லவர், சோழர் செப்பேடுகள் கூறுகின்றன. ஓலை நறுக்கொன்றை 'முகம்' என்று அழைக்கத் துணிந்த மொழி நம்மிடம் ஒரு கேள்வியையும் விட்டுச் சென்றிருக்கிறது. தொலைவில் இருப்பவரின் முகம் ஒரு தாளில் உண்மையாகவே வந்து சேருமா? அல்லது அது வெறும் உபசாரச் சொல்தானா?

இன்று கேட்க வேண்டிய கேள்விதான் இது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை முடிவுற்றது. 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. டென்மார்க்கின் அஞ்சல் நிறுவனமோ, 1624-இல் தொடங்கிய கடிதப் பட்டுவாடாவை 2025 டிசம்பர் இறுதியில் அடியோடு நிறுத்திவிட்டது. இவற்றுக்காக நாம் ஒப்பாரி வைக்க வரவில்லை. வளைகுடாவில் உழைக்கும் கணவனின் முகத்தை மனைவி இரவுதோறும் கைப்பேசியில் காண்கிறாள். வாரக்கணக்கில் தபால்காரரின் வழிபார்த்து நின்ற அவளுடைய தாய்க்கு அந்தப் பேறு கிட்டவில்லை. பழைய கடிதங்களுக்காக ஏங்குவோர் பலர் அந்தக் காத்திருப்பின் வேதனையை மறந்துவிட்டே ஏங்குகிறார்கள்.

ஆயினும் பவுலடிகளாரைச் சற்று உற்றுநோக்குவோம். அவர் மடல்களைச் சொல்லச்சொல்லப் பிறர் எழுதினர். உரோமையருக்கான திருமுகத்தை எழுதிய தெர்த்தியு, முடிவில் தம் வாழ்த்தையும் சேர்த்துக்கொள்கிறார். (எழுத்தருக்கு அந்த உரிமையைத் தந்த பவுலின் பெருந்தன்மையை வியவாமல் இருக்க முடியவில்லை.) பிறர் கையால் எழுதப்பட்டாலும் கருத்து பவுலுடையதே. அப்படியிருந்தும் சில மடல்களின் இறுதியில் அவர் எழுதுகோலைத் தாமே வாங்கிக்கொள்கிறார். கலாத்தியருக்கு எழுதும்போது தம் எழுத்துகள் எவ்வளவு பெரியவை என்று அவரே சுட்டிக்காட்டுகிறார். கண்பார்வை மங்கியதால் என்பர் சிலர். அழுத்தம் தருவதற்காக என்பர் வேறு சிலர். நமக்கு முதற்கருத்தே பிடித்தமானது. பிடித்தம் சான்றாகாது என்பதும் தெரியும்.

பிலமோனுக்கு எழுதிய சிறு திருமுகத்தில் இது வேறொரு பொருள் பெறுகிறது. ஒனேசிம் என்னும் அடிமையைச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி பவுல் வேண்டுகிறார். அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தாம் அடைப்பதாகத் தம் கைப்படவே எழுதித் தருகிறார். சிறையில் இருப்பவர், கையில் காசில்லாதவர், ஓர் அடிமைக்காகக் கைச்சாத்து இடுகிறார்! கையெழுத்தின் அழகு இங்கே ஒரு பொருட்டே அன்று. சொன்ன சொல்லுக்குத் தம்மையே பிணையாக வைப்பதுதான் அந்த வரி. கைப்பேசியில் அனுப்பிய சொல்லை இரு தரப்பிலும் அழித்துவிடலாம். தபால்பெட்டியில் விழுந்த சொல்லை அப்படி மீட்க இயலாது. ஆகவே கடிதம் எழுதுகிறவர் உறையை ஒட்டுமுன் ஒருமுறை தம் மனச்சான்றைக் கேட்டாக வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ச்சான்றும் உண்டு. மொட்டைக் கடிதம் என்றால் என்னவென்று பங்குத்தந்தையருக்கும் ஆயர் இல்லங்களுக்கும் விளக்கத் தேவையில்லை. அதை எழுதுகிறவன் பெயரை மட்டும் மறைப்பதில்லை. இடக்கையால் கோணல்மாணலாக எழுதுகிறான். அல்லது தட்டச்சை நாடுகிறான். தன் கையெழுத்தே தன் முகம் என்பது அவனுக்குத் தெரியும். அன்பு செய்வோர் ஐயுறும் உண்மையை அவதூறு செய்வோர் ஐயுறவில்லை.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார், தோழர்களின் மடல்களில் அவர்கள் தம் கையால் எழுதிய பெயர்களை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டு வாசகத்தோடு சிறு பேழையிலிட்டு மார்பில் அணிந்திருந்தார். செய்திகளை நினைவில் வைத்துக்கொள்ள அவரால் முடியும். அவருக்கு வேண்டியிருந்தது அந்தக் கைகள். புனித இஞ்ஞாசியார் அவரைத் திரும்பி வருமாறு அழைத்து 1553 ஜூனில் எழுதினார். சவேரியாரோ 1552 டிசம்பரிலேயே சீனக் கரையருகே இறந்துபோயிருந்தார். நம் கடலோர ஊர்களில், எழுத்தறியாத கைம்பெண்கள் கணவர் எழுதிய உள்நாட்டுக் கடிதத்தைச் செபப் புத்தகத்தில் வைத்திருப்பதை நாம் கண்டிருக்கிறோம். வாசிக்கத் தெரியாதவர்கள் அதில் காண்பது செய்தியை அன்று.

நல்ல தாள், வண்ண உறை, விலையுயர்ந்த பேனா இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். விருந்தினருக்குத் துவைத்த விரிப்பை எடுத்துப் போடுவது போன்றதுதான் நல்ல தாள், அதில் குற்றமில்லை. ஆனால் குழந்தை இயேசுவின் புனித தெரேசா தம் வரலாற்றை மலிவான பள்ளி நோட்டுகளில்தான் எழுதினார். பேனா பிடிக்க வலுவற்றுப்போனபோது கடைசி வரிகளைப் பென்சிலால் எழுதினார். புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் கொலைக்களத்திற்கு முந்தைய நாள், மையின்றிக் கரியைக் குழைத்து எழுதியதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். துக்க வீட்டிற்கு அச்சிட்ட அனுதாப அட்டையில் ஒப்பம் மட்டும் இட்டு அனுப்புவதைவிட, அஞ்சலட்டையில் இரண்டு வரி சொந்தமாக எழுதுவது எவ்வளவோ மேல்.

யோவானின் பெயரால் வழங்கும் இரண்டாம், மூன்றாம் திருமுகங்கள் மிகச் சிறியவை. இரண்டின் முடிவிலும் மூப்பர் ஒன்றையே சொல்கிறார்: சொல்ல இன்னும் நிறைய உண்டு, அதை மையால் எழுத மனமில்லை, நேரில் வந்து முகமுகமாய்ப் பேச விரும்புகிறேன் என்ற கருத்தில். அவர் போய்ச் சேர்ந்தாரா என்று மறைநூல் சொல்லவில்லை. அந்தச் சிறு மடல்கள் மட்டும் வந்து சேர்ந்திருக்கின்றன.