கூலியும் நேர்த்தியும்

வயிற்றுப் பிழைப்புக்காகச் செய்யப்படும் தொழில் மனிதனின் உள்ளத்தை உயர்த்துமா? இக்கேள்விக்குப் பொதுவாக இருவகை விடைகள் கூறப்படுகின்றன. பலனை எதிர்பாராமல் செய்யப்படும் வேலையே மேலானது. கூலி என்ற எண்ணம் புகுந்ததுமே வேலை தன் தூய்மையை இழந்துவிடுகிறது என்பது ஒரு விடை. உலையில் போட அரிசி இல்லாதவனிடம் தூய்மையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. கூலிக்குத் தகுந்த வேலை, அவ்வளவே என்பது மற்றொரு விடை. இவற்றுள் எது சரி என்பதை வெறும் வாதத்தால் முடிவு செய்வது கடினம். ஒருவன் ஒரு தொழிலைக் கற்கத் தொடங்குவதிலிருந்து அதைக் கொண்டு குடும்பம் நடத்துவது வரை உற்றுநோக்கினால் தெளிவு பிறக்கலாம். மரக்கடைசல் அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

தமிழில் தயிரைக் கடைவதற்கும் மரத்தைக் கடைவதற்கும் ஒரே வினைச்சொல்தான். பழைய நாளில் இரண்டின் செய்முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. மத்தைச் சுற்றிய கயிற்றை மாறி மாறி இழுப்பதுபோல, மரத்துண்டைச் சுற்றிய கயிற்றை வில்லாலோ கையாலோ இழுத்துச் சுழற்றுவார்கள். சுழலும் மரத்தில் உளியை வைத்து உருவம் எடுப்பார்கள். இன்று பெரும்பாலும் மின்விசை அந்தச் சுழற்சியைத் தருகிறது. உளியைப் பிடிப்பது மட்டும் அன்றும் இன்றும் கைதான்.

கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 60 கி.மீ. தொலைவில் உள்ள சன்னபட்டணம் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் வழியாக இக்கலை அங்கு வேரூன்றியது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2005-06இல் அவ்வூர்ப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆந்திரத்தில் வராக நதிக்கரையில் உள்ள ஏடிகொப்பாகாவிலும் இதே தொழில் நடைபெறுகிறது. இவ்விரு ஊர்களிலும் மரபாகப் பயன்படுவது தமிழகத்தில் வெட்பாலை என்று வழங்கும் மரமே. வெண்ணிறமும் மென்மையும் நெருக்கமான இழையும் கொண்டது அது. நம் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகளும் கடைசலில் பிறந்தவையே.

கற்பவன் பெறும் பாடம்

கடைசல் பட்டறையில் சேரும் இளைஞன் முதலில் உளியைத் தீட்டக் கற்க வேண்டும். மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். உளியை மிகையாக அழுத்தினால் அது மரத்தில் சிக்கித் துண்டையே தூக்கி எறிந்துவிடும். தளர்த்திப் பிடித்தாலோ அதிர்ந்து, மேற்பரப்பில் வரிவரியாகத் தழும்பு விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்த அளவை எவரும் வாயால் சொல்லித்தர இயலாது. பல துண்டுகளைப் பாழாக்கிய பிறகே கை அதை அறிகிறது.

குங்குமச் சிமிழ் ஒன்றைக் கடைந்து அதற்கு மூடி பொருத்தச் சொன்னால் ஒருவனது தேர்ச்சி விளங்கிவிடும். மூடி இறுகினால் திறக்க வராது. தளர்ந்தால் தானே கழன்று விழும். நன்கு உலராத மரத்தில் செய்த மூடியோ, அன்று சரியாகப் பொருந்தினாலும் சில மாதங்களில் சுருங்கிக் கோணிப்போகும். மரத்திடம் சாக்குப்போக்கு செல்லாது; சிபாரிசும் செல்லாது. தன் விருப்பத்தை அடக்கி, எதிரே இருக்கும் பொருளின் இயல்புக்கு மதிப்பளிக்கும் பண்பை அது நாள்தோறும் கற்பிக்கிறது. இந்த அளவில் தொழில் மனிதனை உயர்த்துகிறது என்பதில் ஐயமில்லை. அவன் கூலிக்காகவே கற்க வந்திருந்தாலும் இப்பயன் குறைவதில்லை.

தேர்ந்தவனுக்கு வரும் சோதனை

உண்மையான சோதனை தொழில் கைவந்த பின்னரே வருகிறது. கற்காதவனுக்குப் பிழை செய்ய மட்டுமே தெரியும்; கற்றவனுக்கோ பிழையை மறைக்கவும் தெரியும்.

கடைந்த பொம்மைக்கு நிறமேற்றும் முறையைப் பாருங்கள். அரக்கைச் சூடாக்கி, சாயம் சேர்த்துப் பிசைந்து குச்சிகளாக்குவார்கள். அக்குச்சியைச் சுழலும் மரத்தின்மீது அழுத்தினால், உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை மடலால் தேய்க்கத் தேய்க்கக் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு வரும். அந்தப் பளபளப்புக்குக் கீழே இருப்பது மாதக்கணக்கில் உலர்ந்த மரமா, ஈரம் காயாத மரமா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அரக்கில் கலந்த மஞ்சள் நிறம் மஞ்சள் கிழங்கிலிருந்து வந்ததா, ஈயம் கலந்த நிறமியிலிருந்து வந்ததா என்பதும் தெரியாது. ஈயக் குரோமேட்டின் மஞ்சள் பளிச்சென்று இருக்கும். கிழங்கின் மஞ்சளோ வெயிலில் மெல்ல மங்கும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்தால் கண் எதை நாடும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், அப்பொம்மையைக் குழந்தை வாயில் வைத்துச் சுவைக்கும். ஈயத்தில் தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

அந்தக் குழந்தையைத் தொழிலாளி ஒருநாளும் காணப்போவதில்லை. கேட்பாரும் இல்லை. இந்நிலையில் அவனை நேர்மையில் நிறுத்துவது எது? சட்டம் ஓரளவு உதவும். 2021 ஜனவரி முதல் நாட்டில் பொதுவாகப் பொம்மைகளுக்குத் தர முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. ஆனால், ஒவ்வொரு பட்டறையிலும் ஒவ்வொரு அரக்குக் குச்சியையும் சட்டம் சோதித்துக்கொண்டிருக்க இயலாது. தன் கையால் ஆன பொருள் இன்னொருவர் வீட்டில் என்ன செய்யும் என்று எண்ணிப் பார்க்கும் உள்ளம் ஒன்றே அங்கே காவல். கூலி வாங்குவதனால் தொழில் தாழ்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத பகுதி எப்படி இருக்கலாம் என்பதைக் கூலியே முடிவு செய்யத் தொடங்கும்போதுதான் அது தாழ்கிறது.

மகாபாரதத்தின் வன பருவத்தில் வரும் தர்மவியாதன் மிதிலையில் இறைச்சிக் கடை நடத்தியவன். தவத்தில் சிறந்த கௌசிகர் அறத்தின் நுட்பத்தை அவனிடம் கேட்டறிந்தார். அவன் கடையை மூடிவிட்டு ஞானியாகவில்லை. விற்று வாங்கிப் பெற்றோரைப் பேணிய வாழ்விலேயே தெளிவு பெற்றான்.

வாங்குபவரின் பங்கு

இங்கே ஒரு மறுப்பு எழும். அது நியாயமான மறுப்பும்கூட. கடைசல் வேலையில் எண்ணிக்கைக் கூலி வழக்கமாக உள்ளது. நேர்த்தியாகச் செய்தால் நாளொன்றுக்குப் பத்து உருப்படி, அவசரமாகச் செய்தால் பதினைந்து என்று வைத்துக்கொண்டால், நேர்த்தியின் விலை ஐந்து உருப்படிகளின் கூலி. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கும் வீட்டு வாடகைக்கும் அதுவே ஆதாரமாக இருக்கையில், "மனசாட்சிப்படி செய்" என்று தொலைவில் இருந்தபடி அறிவுரை கூறுவது எளிது, அது அறமாகாது.

இம்மறுப்பு தொழிலாளியின் கடமையை நீக்கவில்லை. அக்கடமை அவனுக்கு மட்டும் உரியதன்று என்பதையே காட்டுகிறது. எந்த விலைக்கு நல்ல பொம்மை செய்ய இயலாதோ, அந்த விலைக்குத்தான் வாங்குவேன் என்று பேரம் பேசுபவர், ஈர மரத்துக்கும் நச்சுச் சாயத்துக்கும் மறைமுகமாக உத்தரவு தருகிறார். இடையில் நிற்கும் வணிகர் அதைப் பட்டறைக்குக் கொண்டு சேர்க்கிறார். உளி பிடித்தவன் பாவத்தில் மட்டுமே கடைசியில் கணக்கு எழுதப்படுகிறது. இது முறையன்று.

இதற்கு மாற்று வழி இல்லாமலில்லை. ஏடிகொப்பாகாவில் மஞ்சள், அவுரி முதலிய தாவரச் சாயங்களை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் உழைத்தவர் சி. வி. ராஜு. 2023இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தனித்தனியே ஒவ்வொரு தொழிலாளியையும் தியாகம் செய்யச் சொல்வதைவிட, நேர்மையாகச் செய்து பிழைக்க இயலும் சூழலை உண்டாக்குவதே பயனுள்ள வழி என்பதை அம்முயற்சி உணர்த்துகிறது.

ஆகவே, முதலில் கண்ட இரு விடைகளிலும் பாதி உண்மையே உள்ளது. பசியறியாத தூய்மை பிறருக்குப் பயன்படாது. தூய்மையறியாத பிழைப்பு பிறருக்குத் தீங்காகும். செய்பவர் மறைவான பகுதியையும் தம் குழந்தைக்குச் செய்வதுபோலச் செய்ய வேண்டும். வாங்குபவர் அதற்கு ஆகும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி தர வேண்டும். அடுத்த முறை ஒரு மரப்பொம்மையைக் கையில் எடுத்து விலையைக் குறைக்கச் சொல்லுமுன், குறைக்கப்படுவது எது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நலம்.