வேலியின் விலை

சொந்த வீட்டை யாருக்கு வாடகைக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியதா, அன்றி அயலவருக்கும் அதில் பங்குண்டா? பெரிய நகரங்கள் சிலவற்றில் இக்கேள்விக்கு எழுத்திலேயே விடை வைத்திருக்கிறார்கள். சென்னையின் அடுக்குமாடிகள் பலவற்றில், மணமாகாதவருக்கு வீடு கொடுக்கலாகாது, புலால் உண்போருக்குக் கொடுக்கலாகாது என்று குடியிருப்போர் சங்கங்கள் சொல்வதுண்டு. அமெரிக்காவில், இத்தனை வீடுகளுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாதென்று எண்ணிக்கையே வகுத்த சங்கங்கள் உள்ளன. நம் நாட்டிலும் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், மாடிவீட்டுச் சொந்தக்காரர்கள் ஓரமைப்பாகக் கூடிப் பொது இடங்களைப் பராமரிக்க வழிசெய்தது.

திருகோணமலையில் அத்தகைய மாடிகள் அதிகமில்லை. ஆனால் சங்கம் இல்லாத இடத்தில் ஒழுங்கை இருக்கிறது. வீடு வாடகைக்கு உண்டென்று வாய் திறந்த அன்றே, "எங்கட ஆக்களுக்கெண்டால் குடுங்கோ" என்று வேலிக்கு மேலால் ஒரு குரல் வரும். எழுதப்படாத விதிக்கு மேன்முறையீடும் கிடையாது.

நடத்தை பற்றிய விதிகளில் எமக்கு வழக்கில்லை. நள்ளிரவில் ஒலிபெருக்கி வைக்காதே, கிணற்றடியில் குப்பை கொட்டாதே என்பன எல்லாருக்கும் பொதுவானவை. இன்று மீறியவர் நாளை திருந்தலாம். ஒருவர் என்ன செய்கிறார் என்று பாராது, அவர் யார் என்று பார்த்துக் கதவைச் சாத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பிறப்பைத் திருத்திக்கொள்ள எவரால் முடியும்?

கதவு சாத்தப்படுவதன் வலி நாம் அறியாததன்று. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி, பொழுது விடியுமுன், கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி நகருக்கு வெளியே அனுப்பினர். தகுந்த காரணமின்றித் தங்கியிருந்தார்கள் என்பதே சொல்லப்பட்ட நியாயம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் பின்னர் வருத்தமும் தெரிவித்தார். அன்று கொதித்த நாமே, நம் ஒழுங்கையில் அதே கேள்வியை இன்னொருவரிடம் கேட்கிறோம்: நீ யார், உனக்கு இங்கென்ன வேலை?

எனினும் இதை வெறும் குறுகிய மனம் என்று ஒதுக்கிவிடுவதும் நேர்மையன்று. அல்லை, கந்தளாய்க் குடியேற்றத் திட்டங்கள் இம்மாவட்டத்தின் குடித்தொகையையே மாற்றின. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தோர் தம் காணிக்குத் திரும்பப் பல ஆண்டுகள் காத்திருந்தனர். காணி கைமாறினால் ஊரே கைமாறும் என்ற அச்சத்துக்கு இங்கே காரணமுண்டு. ஆனால் அச்சம் நியாயமாயிருப்பது வேறு. அந்த அச்சத்தின் செலவை இன்னொருவர் தலையில் கட்டுவது வேறு. வேலி போடுகிறவர் வேலியின் விலையையும் தாமே கொடுக்கிறாரா என்பதையன்றோ முதலிற் கேட்க வேண்டும்!

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், சட்டமாக்கப்பட்ட யாழ்ப்பாணத் தேசவழமை இதில் ஒரு நேர்மையைக் காட்டுகிறது. காணியை அந்நியருக்கு விற்குமுன் உரித்துள்ளவருக்கு அறிவிக்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அந்த உரிமையைக் கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரிமை வாரிசுகளுக்கும் மட்டுமென்று சுருக்கியது. அந்நியர் வரக்கூடாதென்று விரும்புகிறவர் வெறும் வாயால் தடுக்க முடியாது. பணத்தை எண்ணிவைத்துத் தாமே வாங்க வேண்டும். விற்பவருக்கு நட்டமில்லை.

நல்ல நோக்கமுள்ள வேலியும் இச்சோதனைக்கு உட்பட்டதே. 1964இல் இனக்கலவரம் கண்ட சிங்கப்பூர், மக்கள் இனவாரியாக ஒதுங்கி வாழாதிருக்க, 1989 முதல் அரச வீடமைப்புத் தொகுதிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு விதித்தது. 2010இல் வகுத்த அளவின்படி இந்தியருக்கும் ஏனையோருக்குமாக ஒரு கட்டடத்தில் 15 வீதம். அயலவரைக் கலந்து வாழச் செய்யும் எண்ணம் உயர்ந்தது. ஆனால் சீனரின் வரம்பு நிறைந்த கட்டடத்தில் தமிழர் ஒருவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது; வாங்குவோர் குறைய, விலையும் குறையும். பொது நன்மைக்கான செலவு சிறுபான்மையினர் கையிலிருந்து போயிற்று. இப்படிச் சிக்கிய சிலரின் வீடுகளை அரசே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022இற்றான் வந்தது.

அஹமதாபாத்தில் பார்சியர் வீடமைப்புச் சங்கம் பார்சியரை மட்டுமே அங்கத்தவராக ஏற்பதை 2005இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஏற்றது. அருகிவரும் சிறு சமூகம் சேர்ந்து வாழ விரும்புவது விளங்குகிறது. ஆனால் எல்லாரும் அவ்வாறே செய்தால் பலமற்றவர் எங்கே போவது? அதே நகரில், கலவரங்களுக்கு அஞ்சிய முஸ்லிம்கள் ஜுஹாபுராவில் திரண்ட கதையும் உண்டு.

இனி நம் ஒழுங்கைக்கு வருவோம். கணவனை இழந்து, முன்பக்கத்து இரண்டு அறைகளின் வாடகையில் மாதச் செலவைப் பார்க்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். இடமாற்றம் பெற்ற ஆசிரியர் ஒருவர் மனைவி பிள்ளையோடு வந்து கேட்கிறார். மொழி வேறு, மதம் வேறு. அயல் முகஞ்சுளிக்க, அம்மா இல்லையென்று அனுப்பிவிடுகிறார். மூன்று மாதம் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. அந்த மூன்று மாத வாடகையை ஒழுங்கையில் எவர் கொண்டுவந்து கொடுத்தார்? (1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குப் பயந்து, எழும்பமாட்டார்களோ என்று தயங்கும் வீட்டுக்காரரும் உண்டு. அது சட்டத்தின் மீதுள்ள பயம்; அதற்கு இனத்தின் பெயரைச் சூட்ட வேண்டியதில்லை.)

அத்தாயின் நட்டத்தையாவது பணத்தால் ஈடு செய்யலாம். திருப்பி அனுப்பப்பட்டவரின் நட்டத்துக்கு ஈடில்லை. காணி உறுதி கைமாறுவது தலைமுறைக்கும் நிற்பது. வாடகை ஓராண்டு ஒப்பந்தம். காணிக்கு அஞ்சுவோர் விற்பனை வரும் நாளில் கூடிப் பணம் சேர்த்து வாங்கட்டும், எமக்கு மறுப்பில்லை. வாடகைக்கு வருபவர் காணி கேட்டு வரவில்லை. முதலாந் திகதி அவர் பள்ளிக்கூடத்தில் கடமையேற்க வேண்டும். பெட்டிகளும் பாயும் இன்னும் லொறியில் இருக்கின்றன.