தேநீருக்குப் பிறகு

1984 டிசம்பர் 2 இரவு, போபால் ஆலையில் கசிவு தெரிந்தும், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்க்கலாம் என்று மேற்பார்வையாளர் விட்டுவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. படித்ததும் அவர்மேல்தான் கோபம் வருது. ஆனால் மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிரவைக்கும் இயந்திரத்தை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தது அவரில்லை.

அப்போ அவர்மேல் தப்பே இல்லையா? அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரல. சின்னக் கசிவுகள் அங்கே வழக்கம். என் வேலையிலும் சர்வர் எச்சரிக்கை தினமும் அடித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் இங்கே உயிர் போகாது. பழகிப்போனதையும் ஆபத்தாகப் பார்க்கத்தான் மேற்பார்வையாளர்.

2010இல் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டு தண்டனை. அமெரிக்கத் தலைவர் ஆண்டர்சன் விசாரணைக்கு வரவேயில்லை.

இறந்தவர்கள் அந்த மேற்பார்வையாளரைக் கேள்வி கேட்கலாம். நிர்வாகம் கேட்கணும்னா, உற்பத்தியை நிறுத்தியதற்காக யாரையும் அது திட்டியிருக்கக் கூடாது.