கழற்றியபின்

போன வசந்தத்தில் டொரொண்டோவில் என் காரை வாங்க வந்த இளைஞன் கேட்ட முதல் கேள்வி: "அண்ணை, எஞ்சின் ஒரிஜினல்தானே?" சாதாரணக் கேள்வி. பதில் சொல்ல எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. சொல்லி முடித்த பிறகும் சரியாகச் சொன்னேனா என்று நிச்சயமில்லை.

கார், 1994இல் ஹிரோஷிமாவில் செய்யப்பட்ட மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கைகள், 1839 சி.சி. எஞ்சின், 128 குதிரைத்திறன். இதை உருவாக்கியவர்கள் தங்கள் நோக்கத்தை 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரால் குறிப்பிட்டார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடல் என்பது பொருள். பத்து வருஷங்களுக்கு முன் இந்த ஒருமை எனக்குப் போதவில்லை. சக்தி வேண்டியிருந்தது. டர்போ பொருத்தினேன்.

வெளியேறும் புகையின் விசையில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது; அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் டர்போ. ஆனால் அது தனியாக வருவதில்லை. அமுக்கிய காற்று சூடாகும். எரிபொருள் வேளை தவறி வெடிக்கும். அதனால் பிஸ்டன்களை மாற்றி, 9 மடங்காக இருந்த அமுக்கத்தை 8.5 ஆகக் குறைத்தோம். பெரிய இன்ஜெக்டர்கள், வேறு கம்ப்யூட்டர், எண்ணெய்க்குப் புதிய வழி. புதிய பிஸ்டன்களுக்காக சிலிண்டர்களை அரை மில்லிமீட்டர் கடைந்து அகலப்படுத்தினோம். ஒன்றைச் சேர்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் மற்ற எல்லாவற்றையும் அந்த ஒன்றுக்குப் பணிய வைத்திருந்தேன்.

ஏன் கழற்றினேன் என்பதற்கு நேர்மையான பதில் வேகத்தின்மேல் வந்த வெறுப்பு அல்ல. காலால் அழுத்திவிட்டுக் காத்திருக்கப் பழகிவிட்டேன் என்பதுதான். சக்கரம் சுழன்று வேகமெடுக்கும்வரை ஒரு சிறு மௌனம். பிறகு கேட்டதற்கு மேல் சக்தி. அழுத்தியது நான், ஆனால் பாய்வது நானல்ல என்ற உணர்வு. என் செயலுக்கும் அதன் விளைவுக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவன் உட்கார்ந்துகொண்டதுபோல.

இதை இயற்கைக்கும் செயற்கைக்கும் நடக்கும் வழக்காக மாற்றிவிடுவது சுலபம். டர்போ இல்லாத எஞ்சினுக்கு 'நாச்சுரலி ஆஸ்பிரேட்டட்', இயற்கையாக மூச்சுவிடுவது, என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே ஒழுக்கப் பிரசங்கம் ஒளிந்திருக்கிறது. நான்கு இரும்புக் குழாய்களில் பெட்ரோலை எரிப்பதில் இயற்கை எங்கே வந்தது? ஸ்விஸ் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூஷி 1905இல் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றபோது அவர் கண்ணில் பட்டது புகையோடு வீணாகும் சக்தி. அது சிக்கனம், ஆடம்பரமல்ல. 1918இல் சான்ஃபோர்ட் மாஸ், அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையில் 14,000 அடிக்கு மேல் ஒரு விமான எஞ்சினை ஏற்றிச்சென்று சோதித்தார். காற்று மெலிந்த அந்த உச்சியில் எஞ்சின் தன் பலத்தில் கணிசமான ஒரு பகுதியை இழந்துவிடும். சமதரையில் கொடுத்த சக்தியை அங்கே அதற்குத் திருப்பித் தந்தது டர்போதான். அதாவது அந்த இடத்தில் டர்போ இருந்தால்தான் எஞ்சின் தன் இயல்பில் இருந்தது. எனக்கு அந்தச் சாக்கு இல்லை. டொரொண்டோ ஏரிக்கரை ஊர், காற்றுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் என்னிடம் இருந்தது.

கழற்றியபோது ஒன்று தெரிந்தது. டர்போவை எடுத்தவுடன் பழைய கார் வந்துவிடவில்லை. 128க்கும் கீழே ஏதோ ஒன்று வந்தது. குறைத்த அமுக்கம் குறைந்தபடியே இருந்தது. பெரிய இன்ஜெக்டர்கள் சும்மா நிற்கும்போதே திணறின. விட்டுவிடுதல் என்பது திரும்புதல் அல்ல. திரும்புவதற்கு மறுபடியும் செலவு செய்யவேண்டும், மறுபடியும் எஞ்சினைப் பிரிக்கவேண்டும். இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் பழைய வகையிலேயே கிடைத்தன. சிலிண்டரில் கடைந்தெடுத்த இரும்பு கிடைக்கவில்லை. அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களைப் போட்டு 9 மடங்கு அமுக்கத்தை மீட்டோம். இன்று அந்த எஞ்சின் 1839 அல்ல, ஏறக்குறைய 1861 சி.சி. எந்தத் தொழிற்சாலையிலும் பிறக்காத எண்.

சரித்திரமும் இப்படித்தான் திரும்புகிறது போலிருக்கிறது. 1977இல் ரெனோ ஃபார்முலா 1 பந்தயத்துக்கு டர்போவைக் கொண்டுவந்தது. 1989இல் விதி அதைத் தடைசெய்தது. எல்லோரும் டர்போ இல்லாத எஞ்சினுக்குத் 'திரும்பினார்கள்'. ஆனால் 1976க்கு யாரும் போகவில்லை. டர்போவோடு ஜெயித்த ஹோண்டா, புதிதாகப் பத்து சிலிண்டர் எஞ்சின் ஒன்றைச் செய்து, அதனோடும் ஜெயித்தது. 2014இல் டர்போ மறுபடி வந்தது.

இதையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னேன். சரித்திரத்தை அல்ல, பிஸ்டனை, அரை மில்லிமீட்டரை. மறைத்திருக்கலாம். எஞ்சினைப் பிரிக்காமல் யாருக்கும் தெரியாது. சொன்னதால் விலை குறைந்தது. என் நேர்மைமீது எனக்கே கொஞ்சம் மரியாதை வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு அவன் கேட்டான்: "அந்த டர்போ இன்னும் வச்சிருக்கிறியளோ அண்ணை?"

கராஜில், எண்ணெய்த் துணியில் சுற்றி, மேல்தட்டில் இருந்தது. கழற்றிய நாளிலிருந்து விற்கவுமில்லை, எறியவுமில்லை.

"இல்லை" என்றேன்.

அவனைக் காப்பாற்றச் சொன்னேன் என்று அன்று இரவு எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். இளம் வயது, ஈர ரோடு, கேட்டதற்கு மேல் பாயும் கார். விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கார் போன பிறகும் அந்தத் துணி மூட்டை மேல்தட்டிலேயே இருக்கிறது. எந்தக் காரில் பொருத்த அதை வைத்திருக்கிறேன் என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை.