விலக்கலும் அழித்தலும்

முன்னோர் விட்டுச்சென்றவற்றிற் பயனற்றவை எனத் தோன்றுவனவற்றைக் களையும் உரிமை வழித்தோன்றலுக்கு உண்டா? இவ்வினாவை ஆராய, ஒரு கலத்தாலான உயிரியொன்று நமக்குத் துணைபுரிகிறது.

நன்னீரில் வாழும் ஒக்சிற்றிக்கா என்னும் பிசிருயிரியில் இருவகைக் கருக்கள் உள. நுண்கரு, பரம்பரையாகப் பெற்ற டி.என்.ஏ. முழுவதையும் பெரும்பாலும் மௌனமாகப் பேணி அடுத்த தலைமுறைக்கு அளிக்கிறது. மாகருவோ அன்றாட வாழ்வை நடத்துகிறது. இரு கலங்கள் இணைந்து கருப்பொருளைப் பரிமாறியபின் பழைய மாகரு அழிகிறது. புதிய நுண்கருவின் பிரதியொன்று புதிய மாகருவாக விருத்தியடைகிறது. அப்போது அப்பிரதியின் டி.என்.ஏ.யில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டது அகற்றப்படுகிறது. எஞ்சும் 225,000க்கும் மேற்பட்ட துண்டுகள், பல இடம் மாறியும் சில தலைகீழாகியும், ஏறத்தாழ 16,000 சிறு நிறமூர்த்தங்களாக இணைகின்றன என 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

பழமையிற் பெரும்பகுதியை நீக்கினாலன்றி வாழ்வு இயங்காது என்பாருக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? ஆயின் மேலும் இரு உண்மைகள் நோக்கற்பாலன. துண்டுகள் எவ்வொழுங்கில் இணைதல் வேண்டும் என்பதற்கு, அழியப்போகும் பழைய மாகருவிலிருந்து வரும் ஆர்.என்.ஏ. பிரதிகளே வழிகாட்டுகின்றன என்பது 2008இல் வெளியாயிற்று. வெட்டும் பணிக்கு உதவும் நொதியங்களை, அகற்றப்படும் பகுதியிலுள்ள தாவும் பரம்பரையலகுகளே தருகின்றன என்பது 2009இல் தெரியவந்தது. அவ்வலகுகளின் செயலை அடக்கியபோது டி.என்.ஏ. சீராக அமையவில்லை. கழிவு என எண்ணப்பட்டதே கத்தியாகவும் இருந்தது.

இயற்கையில் உள்ளதைக் கொண்டு மனிதர் செய்யத்தக்கதை விதித்தல் தகாது எனலாம். அது சரியே. கலம் தேர்வதில்லை, ஆதலின் அதற்குப் பழியும் இல்லை, புகழும் இல்லை. எனினும் நாம் ஒன்றெனக் கருதும் இரு செயல்களை அது பிரித்துக் காட்டுகிறது. விலக்கல், இன்றைய வாழ்வின் தேவைபற்றிய தீர்ப்பு. அழித்தல், இனிவரும் அனைவரின் தேவைபற்றிய தீர்ப்பு. முன்னையது நம் உரிமை. பின்னையதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் இல்லை.

அவ்வாறாயின் தீண்டாமையையும் பேணுவதா என்று வினவப்படலாம். அன்று. வழக்கம் ஒழிதல் வேண்டும். அதுபற்றிய பதிவு எஞ்சுதல் வேண்டும். மௌனமாயிருக்கும் பதிவு அன்றாட வாழ்வை ஆள்வதில்லை. ஆனால் அப்பதிவும் அழியின், கொடுமை இழைத்தோரின் வழிவந்தோர் தம்மைக் குற்றமற்றவர் என நம்புவர். அதனை எதிர்த்து நின்றோரின் பெயரும் உடன் மறையும்.

துணிந்து விலக்குவோம், விலக்கியதை எரிக்காதிருப்போம்.